நாலாயிரம் ரூபாய் பில்லில் மாமாவின் நோய்க்கு எவ்வளவு?

கேள்வி: ஐயா, நாங்கள் செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமம். என் மாமாவுக்கு (கணவரின் அப்பா) வயது 66. பத்து வருடமாகச் சர்க்கரை, அப்புறம் பிரஷர், ஒரு வருடத்துக்கு மேலாக முழங்கால் வலி. ஆரம்பத்திலிருந்து பக்கத்து ஊர் டாக்டரிடம்தான் காட்டுகிறோம். தங்கமான மனிதர். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பார். ஃபீஸ் 150 ரூபாய்தான். ஆனால் கிளினிக்கை ஒட்டியுள்ள மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் மாதம் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. கணவர் திருப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில் இதற்கே பெரும்பங்கு போகிறது. அதே சீட்டுடன் உசிலம்பட்டியில் இரண்டு கடை ஏறினேன். பாதி மாத்திரைக்கு "இந்தக் கம்பெனி எங்களிடம் வராது" என்றார்கள். முதல்வர் மருந்தகத்தில் "மருந்தோட பேரை எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எங்களை ஏமாற்றுகிறாரா? விலை குறைந்த மாத்திரை வேலை செய்யுமா? டாக்டரை மாற்றிவிடலாமா? சீட்டு, பில், மாத்திரை அட்டைகளின் படம், கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

மருந்தாளுநரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த வாரமே மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பணத்தைப் பற்றிப் பேச அல்ல, சீட்டில் ஏழாவதாக இருக்கும் மூட்டுவலி மாத்திரையைப் பற்றிப் பேச.

அது அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒரு வருடத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதில் அசிக்ளோஃபெனாக் வலியையும் வீக்கத்தையும் நன்றாகக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. பிரஷரையும் ஏற்றிவிடும். மாமாவுக்கோ பத்து வருடச் சர்க்கரை, வயது அறுபதுக்கு மேல், பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார். டெல்மிசார்ட்டன் நல்ல மருந்து, சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் அதோடு இந்த வலி மாத்திரை தினமும் சேரும்போது சிறுநீரகத்தின் மீது இரண்டு பக்கமும் சுமை விழுகிறது. இதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். மாமாவுக்கு அது இல்லை, அந்த மட்டில் நிம்மதி.

நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் மட்டுமே இருக்கின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் ஒன்றில்கூட இல்லை. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சியும் இல்லை. கிரியாட்டினின் தெரியாமல் மாமாவின் மற்ற மாத்திரைகளின் அளவைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் மெட்ஃபார்மின், சிட்டாக்ளிப்டின் இரண்டையுமே சிறுநீரகத்தின் வேலைத்திறனைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். திறன் குறைந்தால் அளவைக் குறைப்பார்கள், ரொம்பக் குறைந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தியே விடுவார்கள். இந்தச் சோதனைக்குத் தனியார் லேபில் பெரிய செலவு ஆகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் காசே வேண்டாம்.

வலி மாத்திரையை ஒரு நாள் விட்டால் வலி கூடும், அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் செலவுக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறோம்" என்று கடையில் வந்து சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பில் பாதியானதாகத் தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். மொத்தம் 4,090 ரூபாய், ஒன்பது பொருள். வரிசையாகப் போகாமல் இரண்டு கட்டாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். முதல் நான்கு, மாமாவின் நோய்க்கான மருந்துகள்: கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை 660, சிட்டாக்ளிப்டின் 570, டெல்மிசார்ட்டன் 210, கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் 180. ஆக 1,620 ரூபாய். மீதி ஐந்து: வாயுவுக்கான கேப்ஸ்யூல் 390, நரம்புக்கான சத்து மாத்திரை 540, வலி மாத்திரை 360, மூட்டுத் தேய்மானத்துக்கு என்று குளுக்கோசமைன் 660, சர்க்கரை இல்லாத புரோட்டீன் பவுடர் டப்பா 520. ஆக 2,470.

அதாவது நீங்கள் கொடுக்கும் பத்து ரூபாயில் ஆறு ரூபாய் சர்க்கரைக்கும் போகவில்லை, பிரஷருக்கும் போகவில்லை, கொழுப்புக்கும் போகவில்லை. "எங்கே விலை குறைவு?" என்று உசிலம்பட்டி முழுக்க அலைந்தீர்கள். அதைவிட முதலில் கேட்க வேண்டியது "இது எதற்கு?" என்பது. வேண்டாத மாத்திரையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் அந்தப் பாதி வீண்தான். மருந்துச் செலவு பற்றி என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனி பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த ஐந்தில் இரண்டு பொருள்களின் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். குளுக்கோசமைன் அட்டையிலும் பவுடர் டப்பாவிலும் ஒரு மூலையில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் அதன் பக்கத்தில் 14 இலக்க எண்ணும் இருக்கும். மிக்சர் பாக்கெட்டில், பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் அதே முத்திரை. இவை மருந்துச் சட்டத்தின் கீழ் வருபவை அல்ல, உணவுப் பொருளாக உரிமம் பெற்றவை. மருந்து போலவே அட்டையில் அடைத்து, மருந்து போலவே பெயர் வைத்து, மருந்துச் சீட்டில் எழுதப்பட்டு வருவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மருந்து விலைக் கட்டுப்பாடு இவற்றுக்குக் கிடையாது. கம்பெனி வைத்ததுதான் விலை. அதனால் விற்கிற கடைக்கு இதில் கிடைக்கும் லாபம், மெட்ஃபார்மின் விற்றுக் கிடைக்கவே கிடைக்காது.

குளுக்கோசமைன் முழங்கால் தேய்மானத்துக்குப் பெரிதாக உதவுவதாகச் சான்று இல்லை. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதலில், இதைக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. அதே வழிகாட்டுதல் முதலிடம் கொடுப்பது தொடைத் தசையை வலுவாக்கும் உடற்பயிற்சிக்கும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதற்கும். இந்தப் பயிற்சிகளை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் சொல்லித் தருவார்கள். நம் ஆட்களுக்குப் பயிற்சி சொன்னால் "வைத்தியமே பார்க்கல" என்று குறை வரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மாமா விஷயத்தில் 660 ரூபாய் அட்டையைவிட அதுதான் நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, சில விநாடி அப்படியே பிடித்து, மெதுவாக இறக்குவது. பிறகு அடுத்த கால். அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். வலி தாங்காத நாளுக்குத் தனிப் பாராசிட்டமால் போதுமா, மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஜெல்லில் உடம்புக்குள் போகும் மருந்து மாத்திரையைவிட மிகக் குறைவு.

பவுடர் டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் இருக்கும் புரதம் முட்டையிலும் பாசிப்பயறிலும் சுண்டலிலும் கிடைக்கும். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் புரதத்தையே அளவோடுதான் சாப்பிட வேண்டியிருக்கும். கிரியாட்டினின் முடிவு வரும் வரை அந்த டப்பாவைத் திறக்காமல் வையுங்கள்.

வாயு மாத்திரைக்கு வருகிறேன். பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல். இதை எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது. வலி மாத்திரை வயிற்றில் புண் உண்டாக்கும், அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதைத் தடுக்கத்தான் பான்டோபிரசோல். ஆக ஒரு மாத்திரைக்குக் காவலாக இன்னொரு மாத்திரை வந்திருக்கிறது. வலி மாத்திரை போனால் காவலும் பெரும்பாலும் போய்விடும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் டோம்பெரிடோனுக்குத்தான் எனக்கு நியாயம் தெரியவில்லை. அது வாந்திக்கான மருந்து. ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுங்கள் என்று சுருக்கிவிட்டது. காரணம் இதயத் துடிப்பில் வரக்கூடிய கோளாறு, அதுவும் வயதானவர்களுக்கு. நம் ஊரில் இன்றும் இது மாதக்கணக்கில் தினமும் காலையில் போய்க்கொண்டிருக்கிறது. மருந்துக்கடைகளில் மிக அதிகமாகப் போகும் கேப்ஸ்யூல்களில் இதுவும் ஒன்று என்பது எனக்கு உள்ளபடியே கவலை தரும் விஷயம்.

நரம்பு மாத்திரையை மட்டும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 சத்து குறைவது உண்டு. பான்டோபிரசோலை நெடுநாள் எடுத்தாலும் குறையும். கால் எரிச்சல், மரத்துப்போவது இதனாலும் வரலாம், சர்க்கரையாலும் வரலாம். ஆகவே பி12 அளவைச் சோதித்து, குறைவு என்றால் தனிப் பி12 மாத்திரை எடுக்கலாம், விலையும் குறைவு. மாமாவின் அட்டையில் இருப்பதோ பி12-ஓடு பத்துப் பன்னிரண்டு சத்துகளைக் கலந்த ஒன்று. அத்தனையும் அவருக்குத் தேவை என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இனி, நிச்சயம் வேண்டிய அந்த நான்கு மருந்துகள். இங்கேதான் விலையைப் பார்க்க வேண்டும். 2013-ன் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு உச்ச விலை நிர்ணயிக்கிறார்கள். கடைக்காரருக்கு 16 சதவீத லாபம் வைத்து அந்த உச்ச விலையைக் கணக்கிடுகிறார்கள். 2022-ல் வந்த பட்டியலில் மெட்ஃபார்மின் இருக்கிறது, கிளிமிபிரைடு இருக்கிறது, டெல்மிசார்ட்டன், அட்டோர்வாஸ்டாட்டின் இருக்கின்றன. ஆனால் மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்த மாத்திரை அந்தப் பட்டியலில் இல்லை. மாமாவின் பில்லில் மிகப் பெரிய தொகைகளில் ஒன்று அந்தச் சேர்ப்பு மாத்திரைக்குத்தான். தனித்தனியாக எழுதினால் பெரும்பாலும் செலவு குறையும், ஒன்றின் அளவை மட்டும் மாற்றவும் வசதி. எண்ணிக்கை கூடும், மறந்துபோகும் வாய்ப்பும் கூடும். மாமாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நீங்கள்தான் என்பதால் உங்கள் வீட்டில் தனித்தனியாகக் கொடுப்பது சரிப்பட்டு வரும் என்று நினைக்கிறேன்.

சிட்டாக்ளிப்டினுக்கு ஒரு கதை இருக்கிறது. 2022 ஜூலையில் இதன் காப்புரிமை முடியும் வரை ஒரு மாத்திரை நாற்பது ரூபாய் அளவில் விற்றது. முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின, விலை பாதிக்கும் கீழே சரிந்தது. உங்கள் பில்லில் 19 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அதைவிடவும் குறைவாக வெளியே கிடைக்கும். 2025 மார்ச்சில் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்துக்கும் இதேதான் நடந்தது: அறுபது ரூபாய் அளவில் இருந்த மாத்திரை சில கம்பெனிகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. பழைய கம்பெனி பெயரே சீட்டில் தொடர்ந்துகொண்டிருந்தால் இந்த விலைச் சரிவு உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. சீட்டை வருடத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் புதிதாக யோசித்து எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், "இந்தக் கம்பெனி எங்களிடம் வராது" என்ற பதில். எங்கள் தொழிலில் இதைப் "பிசிடி கம்பெனி" என்போம். பெரிய கம்பெனியைப் போல ஊர் ஊராக விற்காமல், ஒரு பகுதிக்கு ஒரு விநியோகஸ்தர் என்று உரிமை கொடுத்து, அவர் மூலம் குறிப்பிட்ட சில கிளினிக்குகளுக்கும் அவற்றோடு சேர்ந்த கடைகளுக்கும் மட்டும் மருந்து போகும் முறை. மாத்திரையைத் தயாரிப்பது வேறொரு தொழிற்சாலை, பெயர் மட்டும் இவர்களுடையது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் தயாரித்தவர் ஒரு பெயர், விற்பனை செய்பவர் வேறு பெயர் என்று இருக்கும், பாருங்கள். அதனாலேயே அது தரக்குறைவான மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் கடைக்கு வரும் விலைக்கும் அட்டையில் அடித்திருக்கும் எம்ஆர்பிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். உச்ச விலைப் பட்டியலில் இல்லாத மருந்துக்கு முதல் விலையை வைப்பது பெரும்பாலும் கம்பெனிதான். அதன் பிறகு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் முக்கியக் கட்டுப்பாடு.

இப்போது உங்கள் முதல் கேள்வி. டாக்டர் ஏமாற்றுகிறாரா? உங்கள் கடிதத்தில் இருக்கும் மனிதரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்புக்கு அவர் எழுதியிருக்கும் நான்கும் சரியான தேர்வுகள். ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுக்கிறார். 150 ரூபாய் ஃபீஸில் ஒரு கிளினிக் நடத்துவது இன்றைக்கு லேசான காரியம் இல்லை. ஃபீஸை 300 ஆக்கினால் "டாக்டர் காசு பிடுங்குறார்" என்பார்கள். மாத்திரை பில்லில் ஆயிரம் கூடினால் யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். பல கிளினிக்குகளில் மெடிக்கல் கடையின் வருமானம்தான் ஃபீஸின் குறையை ஈடுகட்டுகிறது. மெடிக்கல் ரெப்கள் வாரா வாரம் வந்து உட்கார்வதும் இதற்குத்தான். ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை. எந்த மாத்திரை எழுதினால் தன் கடையில் என்ன லாபம் என்று தெரிந்த ஒருவர், அதை முழுக்க மறந்துவிட்டுச் சீட்டு எழுதுவது கடினம். நல்ல மனிதருக்கும் கடினம்தான். மாமா 300 ரூபாய் ஃபீஸ் கொடுத்து நான்கைந்து மாத்திரையோடு வீட்டுக்கு வருவதே உங்களுக்கு லாபம், அவர் உடம்புக்கும் லாபம்.

மருத்துவர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பது தவறல்ல, ஆனால் அதில் சுரண்டல் இருக்கக்கூடாது என்கின்றன. கமிஷன் வாங்குவதைத் தடை செய்கின்றன. 2016-ல் செய்த திருத்தப்படி மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை) தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும். 2023-ல் இதைக் கட்டாயமாக்கி இன்னும் கடுமையான விதி வந்தது. ஆனால் அந்த ஆகஸ்ட் மாதமே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகவே "மூலப்பெயரையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அது உங்களுக்கு உள்ள உரிமை. அதேபோல எந்தக் கடையில் வாங்குவது என்பதும் உங்கள் விருப்பம்தான்.

முதல்வர் மருந்தகத்தில் உங்களைத் திருப்பி அனுப்பியது அலட்சியத்தால் அல்ல. மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய எச் பட்டியல் மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும். கம்பெனி பெயர் மட்டும் இருந்தால் அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதியிருந்தால் அதே மருந்தகத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24-ல் தொடங்கப்பட்டன. வெளிச்சந்தையைவிட 75 சதவீதம் வரை குறைவு என்பது அரசின் அறிவிப்பு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் பெரிய வித்தியாசம் இருக்கும். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது, அதனால் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

விலை குறைந்த மாத்திரை வேலை செய்யுமா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பத்து ரூபாய் மாத்திரைக்கும் இரண்டு ரூபாய் மாத்திரைக்கும் ஒரே சட்டம், ஒரே தரக் குறிப்பு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரத்தில் தேறாத மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் சின்னக் கம்பெனிகளும் வருகின்றன, பெரிய பெயர்களும் வருகின்றன. விலையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு அந்தப் பட்டியலே போதும். தைராய்டு மாத்திரை, வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்ற சிலவற்றில் மட்டும் கம்பெனியை அடிக்கடி மாற்றக்கூடாது, மாற்றினால் சோதனை செய்து பார்க்க வேண்டும். மாமாவின் சீட்டில் அப்படிப்பட்ட மருந்து எதுவும் இல்லை. மாற்றிய பிறகு இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரையையும் பிரஷரையும் ஒருமுறை பாருங்கள், மூன்று மாதத்தில் எச்பிஏ1சி எடுங்கள். உங்கள் சந்தேகத்துக்கு அந்த எண்களே பதில் சொல்லும். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள், பில்லையும் வாங்குங்கள். மாத்திரையை ஓட்டு வீட்டு ஜன்னல் மாடத்தில் வெயில் படும்படி வைக்காதீர்கள்.

இலவச வழியும் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்குத் தனிப் பதிவு வைத்து, மாதாமாதம் மாத்திரை தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தால், நடக்கச் சிரமப்படும் மாமா போன்றவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரையோ கிராமச் சுகாதார செவிலியரையோ கேளுங்கள். "கவர்மெண்ட் மாத்திரை கேக்காது" என்ற பேச்சு நம் பக்கத்தில் பரவலாக உண்டு. அந்த மாத்திரைகளைக் கொள்முதல் செய்வது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வரும் மருந்துகளின் மாதிரிகளைத் தயாரித்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வகங்களுக்கு அனுப்பி, தேறிய பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு விடுகிறார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன முறை அது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் அங்கே கிடைக்கும். சிட்டாக்ளிப்டினை மட்டும் வெளியே வாங்க வேண்டியிருக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று நினைத்தால், அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான், மாதாந்திர மாத்திரைக்கு உதவாது.

டாக்டரை மாற்றலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். மாமாவின் உடம்பைப் பத்து வருடமாகத் தெரிந்தவரை விடுவதற்கு முன் அவரிடம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும், ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலையில் கூட்டம் நெருக்கும், அதனால் சாயங்காலம் கடைசி ஆளாகப் போய் உட்காருங்கள். "டாக்டரய்யா, மாமாவுக்கு மாசம் நாலாயிரம் தாங்கல. இதில் எது கட்டாயம் வேணும், எதை நிறுத்தலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஒரு வருசமா வலி மாத்திரை சாப்பிடறாங்க, கிட்னிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துரலாமா? மருந்தோட பேரையும் எழுதிக் குடுத்தா முதல்வர் மருந்தகத்தில் வாங்கிக்குவோம்" என்று கேளுங்கள். என் பெயரையோ இந்தப் பதிலையோ எடுத்துக் காட்ட வேண்டாம். காட்டினால் பேச்சு சண்டைப் பக்கம் போய்விடும். பெரும்பாலான டாக்டர்கள், கேட்கும் குடும்பத்துக்குச் சீட்டைக் குறைத்து எழுதத்தான் செய்கிறார்கள். கேட்காமலே எழுந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

கேட்ட பிறகும் அவர் கிரியாட்டினின் சோதனை வேண்டாம் என்றால், அல்லது மூலப்பெயரை எழுத மறுத்து அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நிர்பந்தித்தால், அப்போது தயங்காமல் மாற்றுங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். இல்லையென்றால் காலையிலேயே பஸ் ஏறி மதுரை பெரியாஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டுப் போட்டுச் சர்க்கரை நோய்ப் பிரிவில் காட்டுங்கள். போகும்போது பழைய சீட்டுகளையும் பரிசோதனைத் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். இப்போதைய டாக்டரிடம் இருக்கும் பதிவுகளின் நகலைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளில் இருக்கிறது.